இடது காலுக்கு வேலையில்லை

கார் ஓட்டப் பழகிய அந்த வருடம் முழுக்க எனக்கு ஒரே பயம்தான். எந்த மனிதரை உயிரோடு வைத்துக்கொள்வதற்காக வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேனோ, அவரை வழியில் நானே கொன்றுவிடுவேன் என்ற பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். பதினைந்து வயதிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறவள் நான்.

என் கணவர் கணக்கு வாத்தியார். பணி ஓய்வு பெற்ற மறு வருடமே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். டயாலிசிஸுக்கு அவருக்கு இடம் கிடைத்தது தஞ்சாவூரில். போக ஒன்றரை மணி நேரம், அங்கே நாலு மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்தில் பக்கத்துத் தெருவில் இருந்த டிரைவர் ஒருவர் எங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தங்கமான மனுஷன். அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறியதும் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். மூன்றாவது தடவை திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலேயே இவர் மயங்கி என் தோளில் சாய்ந்தார். இவர் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் பெங்களூரில். மிச்சம் இருந்தது நான்தான்.

"டிராக்டர் ஓட்டறவளுக்குக் கார் என்ன பெரிய கம்பசூத்திரமா?" என்றார் இவர். ஊரே அப்படித்தான் சொன்னது. நானும் நம்பினேன், அதுதான் வினை.

என் அப்பாவுக்கு நாங்கள் மூன்றும் பெண்கள். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர் எப்படியோ பாடுபட்டு ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். ஓட்ட ஆள் வேண்டுமே, மூத்தவளான என்னை ஏற்றி உட்காரவைத்தார். நான் ஓட்டியதெல்லாம் சேற்றில்தான். நாற்றங்காலிலும் நடவு வயலிலும் முழங்கால் சேற்றை அடிக்கும்போது டிராக்டருக்குப் பிரேக்கே தேவைப்படாது. இடது காலால் கிளட்சை அமுக்கினால் போதும், சேறு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாம்பு வந்தாலும் கிளட்ச், வரப்பு வந்தாலும் கிளட்ச். இன்றைக்கும் எங்கள் பத்து மா நிலத்தை நானேதான் சேறடிக்கிறேன். திடுக்கிட்டால் என் இடது கால் என்னைக் கேட்காமலே இறங்கிவிடும். நாற்பது வருடத்துப் பழக்கம் அது. அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

அதுவரைக்கும் வாடகைக் கார் என்று வைத்துக்கொண்டு, குடவாசலில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வெற்றிலை குதப்பிக்கொண்டே சொல்லிக்கொடுக்கும் ஒரு நடுவயதுக்காரர் வந்தார். அந்தக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருந்தன. நிதானமாகப் போகும்போது நான் ஒழுங்காக வலது காலால் பிரேக் போட்டேன். குறுக்கே ஆடு ஓடினாலோ, சைக்கிள் திரும்பினாலோ இடது கால் கிளட்சுக்குப் போகும். கார் நின்றுவிடும். நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொள்வேன். அவர் காலடியில் இருந்த பிரேக்கை நான் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கவே வேணாங்க. பொறக்கும்போதே டிரைவராப் பொறந்துட்டீங்க," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லைசென்ஸ் தேர்வில் முதல் கியரிலேயே எட்டுப் போட்டேன். அந்த வேகத்தில் எதை மிதித்தாலும் கார் நிற்கும். ஒரே தடவையில் பாஸ்.

மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து ரோடெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் தார் ரோட்டில்தான் கொட்டிக் காயவைப்போம். நானும்தான். பாதி ரோடு நெல், பாதி ரோடு வண்டிக்கு. ஓரத்தில் கல் வைத்து எல்லை கட்டியிருக்கும். நெல்லின் மேல் ஏற்றுகிற கார்க்காரனை நானே எத்தனை தடவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக இவரை நானே அழைத்துக்கொண்டு போனேன். போகும்போது ஒரு வம்பும் இல்லை. டயாலிசிஸ் முடிந்து, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து இறுக்க ஒட்டி அனுப்பினார்கள். இவருடைய வலது முழங்கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதில்தான் ஊசி. முதலில் இடது கையில் தைத்தது அடைத்துக்கொண்டுவிட்டது. இனி இந்த ஒரு கைதான். அந்தக் கையில் குடம்கூடத் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, அதன் மேல் சாய்ந்து படுக்கக் கூடாது. தினமும் காலையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பூனை உறுமுகிற மாதிரி உள்ளே உர்ரென்று ஓடும். ஓடினால் சரி. ஓடாவிட்டால் உடனே புறப்பட்டு வர வேண்டும். காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் நான் அதைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

வலங்கைமான் தாண்டி ஆற்றங்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்தது. நான் இடதுபக்கம் ஒதுங்க, கார் கல்வரிசையைத் தாண்டி நெல்லில் இறங்கிவிட்டது. நேர் முன்னால் ஒரு அம்மா, தலையில் துண்டோடு, முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்.

இடது கால் இறங்கியது. கார் நிற்கவில்லை.

"பிரேக்கு! பிரேக்கப் போடு!"

"போட்டுக்கிட்டுதாங்க இருக்கேன்!"

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இன்னும் பலமாக மிதித்தேன். மிதித்ததெல்லாம் கிளட்சை. தார் ரோட்டில் சேறு ஏது? கட்டு அவிழ்ந்த மாதிரி கார் தன்பாட்டுக்கு உருண்டது. இவர் கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தார். நெல் சரசரவென்று சிதற, பம்பர் அந்த அம்மாவின் சேலையைத் தொட்டுக்கொண்டு கார் நின்றது.

அந்த அம்மா திரும்பினார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? கார்ல ஏறிட்டா மனுஷங்க தெரியமாட்டாங்களா? ஒரு சாண் விட்டிருந்தா நான் போயிருப்பேனே!" எனக்கு உரிய திட்டு, வாங்கிக்கொண்டேன்.

அப்போது இவர் மெதுவாக, "இங்க பாரு," என்றார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தது வலது கை. பஞ்சு சிவந்து, சட்டைக் கைக்குள் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். அழுகையில் கண் மறைத்தது, ரத்தத்தில் விரல் வழுக்கியது. திட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாதான் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, தலைத்துண்டை விரித்து இவர் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்தார். "அழுவாதம்மா. அழுதா கை ஆடும். அமுக்கு, அமுக்கு." ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், விரலை எடுக்காமல் அமுக்குங்கள், நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள் என்றார்கள். எவ்வளவு நேரம் அமுக்கினேனோ, எனக்கு ஒரு யுகம். கடைசியில் நின்றது. அந்த அம்மாவின் தம்பி வந்து எங்கள் காரை எங்கள் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். சிதறிய நெல்லைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கார் சாவியை அரிசி டிரம்முக்குள் ஆழப் புதைத்துவிட்டேன். இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகு ஒரு மாதம் மறுபடியும் வாடகைக் காருக்காக அலைந்தோம். முகூர்த்த நாளென்றால் ஒருவரும் வரமாட்டார்கள். ஒருநாள் யாருமே கிடைக்காமல் டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் இவருக்கு மூச்சு இழுத்தது. சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். அதைப் பார்த்த பிறகு நான் எதற்கு வைராக்கியம் பேசுவது?

மகள் போனில் சொன்னாள், "அம்மா, ஆட்டோமேட்டிக் கார் வாங்கிடுங்க. அதுல கிளட்சே கிடையாது. இல்லாததை எப்படி மிதிப்பீங்க?"

இவருக்குப் பிடிக்கவில்லை. "கியர் போடாம ஓட்டறதெல்லாம் ஓட்டறதாடி? அதுக்கு நான் ராட்டினத்துல உக்காந்து சுத்திட்டு வந்துருவேன். மாங்கா மடையன்கூட ஓட்டுவான் அத."

"அப்ப எனக்குன்னே செஞ்சதுதான்," என்றேன்.

பழைய காரைக் கொடுத்துவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வாங்கினோம். விற்றவர், "இடது கால வீட்டுலயே வச்சிட்டு வந்துருங்கம்மா, அதுக்கு இதுல வேலையே இல்ல," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில்லாத கால்தானே வம்பில் மாட்டிவிடும்.

அறுவடை ஓய்ந்து காலியாகக் கிடந்த களத்தில், இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பழகினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே அந்தக் கார் தானாக நகர்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அது போகிறது. ஒரு கோழி குறுக்கே வந்தது. இடது கால் பழக்கதோஷத்தில் பாய்ந்தது. இப்போது அங்கே இருந்தது கிளட்ச் இல்லை, அகலமான பிரேக். கார் குத்துக்கல் மாதிரி நின்றது. இவர் மூக்குக்கண்ணாடி கழன்று முன்னால் போய் விழுந்தது.

"கோழி பொழச்சிருச்சு. நான் போய்ச் சேர்ந்துருவேன் போல இருக்கு," என்றார் கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

நின்றுவிட்டதே, நல்லதுதானே என்று மகள் போனில் சொன்னாள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. சாதாரணமாக வேகம் குறைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அந்தக் கால் பாய்ந்தால் பின்னால் வருகிற லாரி எங்கள் மேல் ஏறிவிடும். அந்தக் காலைக் கட்டிப்போட வழி தேடினேன். ஒருநாள் சீட்டின் மேலேயே மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். இவர் பார்த்துவிட்டு, "கார் ஓட்டறியா, பந்தியில உக்காந்திருக்கியா? இலை போடச் சொல்லட்டுமா?" என்றார். கால் மரத்துப்போனதுதான் மிச்சம். கடைசியில் இடது காலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்துக்கொண்டேன். செருப்பில்லாத கால் சும்மா இருக்க வேண்டும், செருப்புப் போட்ட கால் வேலை செய்ய வேண்டும். இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட பாடம். இன்றைக்கும் அப்படித்தான்.

மறுபடியும் நானே காரை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் போக ஆரம்பித்தேன். இவரைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னேன்.

"பின்னாடி உக்காந்தா ஹேண்ட்பிரேக்க யாரு இழுக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டாகச் சொல்லவில்லை அவர். போகும்போதும் வரும்போதும் அந்த வலது கை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே இருந்தது. நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய் உள்ளே வந்தவருக்கு உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இருக்காது. கூட டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் எல்லாம் வண்டியில் ஏறியதுமே தூங்கிப்போவார்கள். இவர் மட்டும் கண்ணை அகட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். கண் சொருகும், உலுக்கிக்கொள்வார். "கைய எடுங்க. அந்தக் கைல இழுத்தா என்னாவும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்துவேன். "நீ ரோட்டப் பாரு," என்பார். கோபம் கோபமாக வரும். ஆனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பயப்பட வைத்தவளே நான்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் குடமுருட்டிப் பாலத்தில் ஏறும்போது, முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. எங்கள் பக்கம் மேடு என்றாலே பாலம்தான். கீழே ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடது கால் துடித்தது, துடித்து அங்கேயே இருந்தது. வலது கால் போய்ப் பிரேக்கை மிதித்தது. கார் நின்றது. இவர் கை ஹேண்ட்பிரேக்கைப் பற்றியிருந்தது, ஆனால் இழுக்கவில்லை. "ம்," என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை, சொல்லப்போனால் அழுகை வந்தது.

கார்த்திகையில் ஒருநாள் டயாலிசிஸ் நடக்கும்போதே இவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. காலைத் தூக்கி வைத்து, மருந்து ஏற்றி, ஒரு மணி நேரம் கூடுதலாகப் படுக்க வைத்து அனுப்பினார்கள். "பேச்சுக் குடுத்துக்கிட்டே போங்கம்மா," என்றார் நர்ஸ். பேச்சுக் கொடுத்தேன். மருந்துக்கடை, மகள், சம்பா நடவு, எலித் தொல்லை. ம் ம் என்றார். அம்மாபேட்டை தாண்டியதும் ம் நின்றுவிட்டது.

ஹேண்ட்பிரேக்கின் மேலிருந்த கை நழுவி, சீட்டுக்கு நடுவில் உள்ளங்கை மேலாக விழுந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"ஏங்க."

குரலை உயர்த்தினேன்.

"ஏங்க, தூங்கறீங்களா?"

இத்தனை மாதத்தில் இந்தக் காரில் அவர் ஒரு நிமிடம் தூங்கியதில்லை. அப்படியென்றால் இது தூக்கம் இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால் நிறைய தண்ணீர், மறு பக்கம் வயல், ஒதுங்க இடமில்லாத ரோடு. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே வருகிறது. நிறுத்த முடியாது. திரும்பி முகத்தைப் பார்த்தால் காரை வாய்க்காலில் இறக்கிவிடுவேன். பழைய காராக இருந்தால் இடது கை கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காரில் அது சும்மா இருந்தது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் அந்தக் கையை நீட்டித் தடவினேன். அவர் முழங்கை ஜில்லென்று கிடந்தது. பஞ்சு ஒட்டிய இடத்துக்கு மேலே, தினமும் காலையில் தொடுகிற அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்தேன்.

அதிர்ந்தது. ஆனால் காரும்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்டீரிங் அதிர்கிறது, சீட் அதிர்கிறது. இது அவர் கையிலிருந்து வருகிறதா, இன்ஜினிலிருந்து வருகிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாரியாத்தா, ஒரு இடம் காட்டு, ஒரு இடம் காட்டு என்று வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.

ஒரு மதகுக்குப் பக்கத்தில் கரை கொஞ்சம் அகன்றிருந்தது. வலது காலால் மெதுவாகப் பிரேக்கை மிதித்து ஒதுக்கினேன். பஸ் திட்டிக்கொண்டே கடந்துபோனது. விரலை எடுக்காமலே மற்ற கையால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். கார் அடங்கிவிட்டது. மதகில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

விரலுக்கடியில் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார்.

"என்ன, வண்டி ஆஃப் ஆயிருச்சா? ஆட்டோமேட்டிக்கு ஆஃப் ஆவாதுன்னு ஆத்தாளும் மகளும் அந்தக் குதி குதிச்சீங்களே."

"நான்தாங்க நிறுத்தினேன்."

"ஏன்?"

"சும்மாதான். நீங்க தூங்கிட்டீங்க."

"ஆமா, நல்ல தூக்கம். அதுக்குள்ள எழுப்பிட்ட," என்றார் சலித்துக்கொண்டு. "சரி சரி, ஓட்டு. ஊர் வந்தா சொல்லு." ஹேண்ட்பிரேக்கின் பக்கம் அவர் கை போகவில்லை. கிடந்த இடத்திலேயே கிடந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இடது காலை சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்தேன். இன்ஜினைப் போட்டு, கியரை டி-யில் தள்ளினேன். கார் தானாக நகர ஆரம்பித்தது. இடது கையைக் கொண்டுபோய் மறுபடியும் அந்த இடத்தில் வைத்தேன். வீடு வரும் வரைக்கும் எடுக்கவில்லை.